நாற்பது பவுண்டு கியூவும் அதன் மூதாதையரும்

2003ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹெண்ட்ரியின் கியூ விமானப் பயணத்தில் உடைந்துபோனது. ஸ்காட்லாந்துக்காரரான ஹெண்ட்ரி 1990க்கும் 1999க்கும் இடையில் ஏழு முறை உலக ஸ்நூக்கர் பட்டம் வென்றவர். ஏழையும் அந்த ஒரே கோலை வைத்துத்தான் வென்றார். பையனாக இருந்தபோது 40 பவுண்டுக்கு வாங்கிய கியூ அது. ரெக்ஸ் வில்லியம்ஸ் என்ற மூத்த ஆட்டக்காரரின் பெயரைப் பொறித்துத் தொழிற்சாலையில் தயாரான சரக்கு. பெயர்பெற்ற கைவினைஞர் யாரும் அவருக்கென்று அளவெடுத்துச் செய்து கொடுத்ததல்ல.

இந்தச் செய்தியைக் கேட்டதும் பலருக்கு ஒரு முடிவு தோன்றும்: கோலில் ஒன்றுமில்லை, எல்லாம் கையில்தான் இருக்கிறது. பாதி உண்மைதான். ஆனால் ஏழு பட்டங்களுக்குத் தாங்கிய கோல் கோணலாகவோ, இணைப்பு தளர்ந்ததாகவோ, பச்சை மரத்தில் செய்ததாகவோ இருந்திருக்க முடியாது. மலிவாக வந்த கியூக்களுக்குள் நல்ல மரம் கொண்ட ஒன்று இருந்தது, அது ஒரு திறமைசாலியின் கையில் சேர்ந்தது. அந்த ஒன்றைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கான விடை கியூ பிறந்து வளர்ந்த கதைக்குள் கிடக்கிறது. தோல் முனை, பித்தளை வளையம், ஆஷ் தண்டு, கருங்காலிப் பிடி, நடுவில் திருகு என ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்து ஆட்டக்காரரின் தொல்லையைத் தீர்க்க வந்தது. எந்தத் தொல்லைக்காக வந்தது என்று தெரிந்தவருக்கு அது சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது.

ஆதியில் கியூ என்ற கோலே கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மாளிகைகளில் பில்லியர்ட்ஸ் ஆடியவர்கள் தட்டையான தலை கொண்ட ஒரு தள்ளுகோலை வைத்திருந்தார்கள். அதன் தலையைப் பந்துக்குப் பின்னால் வைத்து, தரையைக் கூட்டுவதுபோல் தள்ளுவார்கள். பந்து மேசையின் ஓரச் சட்டத்தை ஒட்டி நின்றுவிட்டால் அந்த அகலத் தலைக்கு இடமிருக்காது. அப்போது கோலைத் திருப்பி மெல்லிய வால்முனையால் இடித்தார்கள். வால்முனையால் இடிப்பதே குறிதப்பாமல் இருக்கிறது என்பது போகப்போகத் தெரியவந்தது. தள்ளுகோலின் தலை உதிர்ந்தது, வால் தனிக் கருவியாக நின்றது.

வெறும் மரமுனைக்கு ஒரு குறை இருந்தது. பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் முனை வழுக்கிவிடும். இதைத் தீர்த்தவராக வரலாற்றில் பேசப்படுபவர் பிரெஞ்சுக் காலாட்படை அதிகாரி பிரான்சுவா மாங்கோ. பாரிஸ் சிறையில் இருந்த காலத்தில் பில்லியர்ட்ஸ் மேசையோடு பழகியவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலின் முனையில் தோல் துண்டை ஒட்டி ஆடினார். தோல் பந்தைப் பிடித்தது. பந்தைப் பின்னால் சுழன்று வரச்செய்யவும் பக்கவாட்டில் வளையச்செய்யவும் முடிந்தது. 1827இல் அவர் தன் அடிகளை விளக்கிப் பாரிஸில் ஒரு நூல் வெளியிட்டார். லண்டனில் மேசை செய்துவந்த ஜான் தர்ஸ்டன் 1830இல் அதன் ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தார். தோல் முனையும் அதில் தடவும் சாக்கும் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் ஆட்டம் உருவானது.

கியூ வாங்கப் போகிறவருக்கு இந்தக் கதையில் ஓர் ஆறுதல் உண்டு. தோல் முனை அன்றிலிருந்தே ஒட்டிப் பிய்க்கும் பொருள், தேயும், மாற்றவேண்டும். மலிவான கியூக்களில் இந்தத் தோல் முனை, அதாவது டிப், பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும். கடினமாக, கண்ணாடிபோல் பளபளத்து, சாக் ஒட்டாமல். அதற்காக ஒரு நல்ல தண்டை ஒதுக்கிவிடக்கூடாது. நல்ல டிப் வாங்கி ஒட்டுவதற்கு ஆகும் செலவு, கியூவின் விலையில் சிறு பங்குதான். பார்க்கவேண்டியது டிப்பை அல்ல, அது உட்காரும் இடத்தை. முனையைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்திய பித்தளை ஃபெரூல் இருக்கிறதா, மரத்துக்கும் பித்தளைக்கும் இடையே நகம் மாட்டும் படி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். திருகிக் கழற்றும் பிளாஸ்டிக் முனை கொண்ட கியூ விளையாட்டுச் சாமான். அதை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். முனையின் விட்டம் ஒன்பதரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ஸ்நூக்கருக்கானது. 12, 13 மில்லிமீட்டர் என்றால் அமெரிக்க பூல் ஆட்டத்துக்கானது.

1826இல் தர்ஸ்டன் மேசைக்கு மரப்பலகைக்குப் பதிலாகக் கற்பலகை போட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஓரச் சட்டங்களுக்கு ரப்பர் வந்தது. கோலின் வரலாற்றில் இதைத்தான் பெரிய திருப்பமாகச் சொல்லவேண்டும். மேசையே நெளிந்திருந்த காலத்தில் கோலின் நெளிவை யாரும் குற்றம்சொல்லியிருக்க முடியாது. கல் மட்டமாகக் கிடந்த பிறகு, பந்து விலகிப் போனால் பழி கோலின் மேலும் கையின் மேலும்தான் விழும். நேரான கோலுக்குத் தேவை பிறந்தது. கோல் செய்வதற்கென்று தனித் தொழில் வளர்ந்தது. லண்டனில் பரோஸ் அண்ட் வாட்ஸ், லிவர்பூலில் பெரடன், அக்ரிங்டனில் ரைலி என்று பெயர்கள் நிலைபெற்றன.

பிறகு ஸ்நூக்கர் வந்தது. அதன் பிறப்பில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி, மழைக்காலப் பொழுதுபோக்காக ஆடிய பூல் ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைக் கூட்டிப் பார்த்தார். சென்னைப் படைத்தலைவர் பிரெடரிக் ராபர்ட்ஸின் உதவியாளராக 1880களின் தொடக்கத்தில் உதகமண்டலம் வந்தவர், அங்குள்ள ஊட்டி கிளப்பில் அந்த ஆட்டத்தைப் பரப்பினார். 1882இல் விதிகள் அங்கேதான் எழுதி மாட்டப்பட்டன. 1885இல் கல்கத்தா வந்த ஆங்கிலப் பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் சேம்பர்லேனிடம் விதிகளைக் கேட்டறிந்து தாய்நாட்டுக்குக் கொண்டுபோனார். இந்தப் பிறப்புக் கதைக்கு உரிமை கொண்டாடியவர்கள் பலர். 1938இல் முதியவரான சேம்பர்லேனே தன் பங்கை எழுதித் தெரிவித்தார், அடுத்த ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி அதை உறுதிப்படுத்திக் கட்டுரை வெளியிட்டார்.

கோலைப் பொறுத்தவரை ஊட்டியில் நடந்தது சிறிய மாற்றமல்ல. பில்லியர்ட்ஸில் மூன்று பந்துகள். தேர்ந்த ஆட்டக்காரர் அவற்றை ஒரு மூலையில் கூட்டிவைத்து மெல்லத் தட்டித்தட்டியே புள்ளி சேர்ப்பார். ஸ்நூக்கரில் இருபத்திரண்டு பந்துகள் பன்னிரண்டு அடி மேசை முழுக்கச் சிதறிக் கிடக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக் குழிக்கு நேர்கோட்டில் அடித்தாகவேண்டும். நூலளவு விலகல் பன்னிரண்டு அடி தள்ளி விரலளவு ஆகிவிடும். தண்டு விறைப்பாக இருக்கவேண்டும், அடிக்கும்போது அதிரக்கூடாது, முனை மெலிந்திருக்கவேண்டும். இந்த மூன்றையும் ஒரே மரத்தில் கேட்டார்கள்.

விடை ஆஷ் மரம். கோடரிப் பிடிக்கும் படகுத் துடுப்புக்கும் ஐரோப்பியர் காலங்காலமாகப் பயன்படுத்திய மரம் அது. அடியின் அதிர்ச்சியைத் தாங்கும், எடைக்கு மீறிய விறைப்பு உண்டு. வசந்தகாலத்தில் வளரும் பகுதியில் பெரிய துளைகளும் கோடையில் வளரும் பகுதியில் அடர்த்தியும் இருப்பதால் ஆண்டு வளையங்கள் கரிய கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். கூம்பாக இழைக்கும்போது இந்த வளையங்கள் வெட்டுப்பட்டு, தண்டின் இரு பக்கங்களில் அம்புமுனை வடிவங்களாகத் தோன்றும். மற்ற இரு பக்கங்களில் நேர்கோடுகள் ஓடும். ஆட்டக்காரர்கள் அம்பு மேலே தெரியும்படி கோலைப் பிடிப்பது வழக்கம். எப்போதும் ஒரே பக்கம் வளையும் தண்டு எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

மலிவுக் கியூவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கவேண்டியது இந்த ரேகையைத்தான். தடிமனான பகுதியிலிருந்து கோடுகள் முனையை நோக்கி ஓடுகின்றனவா, அல்லது பாதி வழியில் தண்டின் ஓரத்தைத் தாண்டி வெளியேறிவிடுகின்றனவா? ஓரத்தில் வெளியேறும் ரேகை, மரத்தை நாரின் போக்கில் அறுக்கவில்லை என்பதற்கு அடையாளம். அந்தத் தண்டு இன்று நேராக இருக்கலாம், ஒரு மழைக்காலம் போனால் ரேகை போன பக்கமே சாயும். அம்புகள் அழகாக, சம இடைவெளியில் இருக்கவேண்டும் என்பதில்லை. முனையை நோக்கிய கடைசி ஓரடி நீளத்தில் ரேகை நேராக ஓடவேண்டும், அங்கே முடிச்சு இருக்கக்கூடாது. வளைவும் அதிர்வும் அதிகம் நிகழும் இடம் அதுதான்.

மேப்பிள் வேறு வகை. துளைகள் மிக நுண்ணியவை என்பதால் ரேகை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தொட்டால் வழவழப்பாக இருக்கும். அதையும் விரும்பி ஆடுகிறவர்கள் உண்டு. ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவர் ஆஷ் வாங்குவதே நல்லது என்று துணிந்து சொல்லலாம். காரணம் இதுதான்: ஆஷ் தன் குறையை மறைக்காது. ரேகை வெளியே தெரிவதால் வாங்குகிறவர் கண்ணால் சோதிக்க முடியும்.

மறைக்கும் மரமும் ஒன்று சந்தையில் நெடுங்காலம் இருந்தது. மலேசிய, இந்தோனேசியச் சதுப்பு நிலக்காடுகளில் வளரும் ராமின். வெளிர்மஞ்சள் நிறம், முடிச்சு அரிது, ரேகையே இல்லாத மாதிரி ஒரே சீரான முகம். கடைசலுக்குச் சுலபம், விலையும் குறைவு. கிளப்புகளில் சுவரோரத் தாங்கியில் நிற்கும் பொதுக் கியூக்களில் எண்ணற்றவை ராமினில் செய்யப்பட்டவை. சட்டகம், ஜன்னல் திரைச்சட்டம், பொம்மை என்று எல்லாவற்றுக்கும் வெட்டியதில் அந்தக் காடுகள் அழிந்தன. 2001இல் இந்தோனேசியா அதன் வணிகத்தைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, 2004இல் எல்லா நாடுகளுக்குமான கட்டுப்பாடாக அது இறுகியது. பழைய ராமின் கியூக்கள் இன்றும் இரண்டாம் கை விற்பனையில் வரும். அவை ஆடத் தகுதியற்றவை அல்ல. ஆனால் விற்பவர் ஆஷ் என்றோ மேப்பிள் என்றோ சொன்னால் நம்பி அதிக விலை கொடுக்கவேண்டாம்.

ஆஷுக்கும் இப்போது கெட்ட காலம். 2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு அங்குள்ள ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஐரோப்பிய ஆஷை உலரவைக்கிறது. நல்ல ஆஷ் அருகிவருவதால் மலிவு விலைத் தொழிற்சாலைக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். முன்பு பத்துக் கியூ பார்த்து ஒன்றைத் தேர்ந்தவர் இனி இருபது பார்க்கவேண்டியிருக்கும்.

தண்டு மட்டும் போதாது. ஆஷ் எடை குறைந்த மரம், முழுக்க ஆஷில் செய்தால் கோல் முன்பக்கம் கனப்பதாகத் தோன்றும். பின்கையில் பாரம் வேண்டும். ஆகவே பிடிப்பகுதிக்குக் கனமான வெப்பமண்டல மரங்களை ஒட்டினார்கள். இலங்கைக் காடுகளின் கருங்காலி இதற்குப் பேர்போனது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு அடர்த்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தையும் ஒட்டினார்கள். ஸ்நூக்கர் விதிகள் எழுதப்பட்ட நீலகிரியின் கீழ்ச்சரிவுகளில் வளர்ந்த மரவகை, உலகின் பல கிளப்புகளில் கியூவின் பிடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று இலங்கைக் கருங்காலி ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஈட்டி உள்ளிட்ட அந்த இன மரங்கள் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளன. மலிவு விலைக் கியூவில் ‘அசல் கருங்காலி’ என்று ஒட்டியிருந்தால் சந்தேகப்படுவதில் தவறில்லை.

இரு மரங்களைச் சேர்த்த விதம்தான் கியூ கைவினையின் உச்சம். கைவேலையில், தண்டின் பின்பகுதியை நான்கு பக்கமும் சரிவாக இழைத்து, ஒவ்வொரு சரிவிலும் ஒரு கருங்காலித் துண்டைப் பசைவைத்து அழுத்தி, பசை இறுகிய பின் மறுபடி இழைப்புளியால் உருட்டி எடுப்பார்கள். அப்படிச் சேர்த்த இடத்தில் கரிய மரம் வெள்ளை மரத்துக்குள் வளைந்த நாக்குகளாக ஏறியிருக்கும். இயந்திரவேலையில் இரண்டு கட்டைகளிலும் ஆப்பு வடிவப் பற்களை அறுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டுவார்கள். அங்கே சேர்க்கை கூரிய, ஊசிபோன்ற முனைகளாகத் தெரியும். கைவேலை விலை அதிகம். ஆனால் இயந்திரச் சேர்க்கை பலத்தில் தாழ்ந்ததல்ல. ஒட்டும் பரப்பு பெரிது, பழைய இயந்திரச் சேர்க்கைக் கியூக்கள் பல்லாண்டு ஆட்டத்துக்குப் பிறகும் உறுதியாக நிற்கின்றன. குறைந்த விலையில் வாங்குகிறவர் கூர்முனை கொண்ட சாதாரண இயந்திரச் சேர்க்கையைத் தேடினால் போதும்.

எச்சரிக்கை வேண்டியது மூன்றாம் வகையில். கைவேலை நாக்குகளைப் போலவே சாயத்தாலோ ஒட்டுப்படத்தாலோ வரைந்து, மேலே கனத்த வார்னிஷ் பூசிய கியூக்கள் ஏராளமாக வருகின்றன. நான்கு நாக்குகளும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே உயரத்தில், ஒரே விளிம்போடு இருக்கும். கரிய பகுதியில் மரத்துளையே தெரியாது. நகத்தால் வருடினால் விளிம்பில் படி தட்டும். பிடியின் கடைசி ஓரத்தில் சிராய்ப்பு இருந்தால் கருப்புக்குள் வெள்ளை எட்டிப்பார்க்கும். அலங்காரம் பொய் என்பதால் மட்டும் கோல் ஆடாமல் போகாது. ஆனால் அந்தப் பொய்க்காகக் கொடுத்த காசு வீண். ஒட்டுவேலையில் பொய் சொன்ன தொழிற்சாலை மரத்தை உலர்த்துவதில் பொறுமை காட்டியிருக்கும் என்று நம்பவும் இடமில்லை.

ஆட்டக்காரரின் பெயரை விற்பதும் பழைய வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிடியின் பக்கவாட்டில் வட்டச் சில்லு பதித்து வெற்றிவீரரின் பெயரையும் சாதனையையும் எழுதி விற்றார்கள். 1927இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்த பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். 1946 வரை நடந்த பதினைந்து போட்டிகளையும் அவரே வென்றார். அவர் பெயர் பதித்த கியூக்கள் பிரிட்டன் முழுக்க விற்பனையாயின. சில்லில் யார் பெயர் இருந்தாலும் மரத்தைத் தனியாகப் பார்த்தே ஆகவேண்டும். ஹெண்ட்ரியின் கோலில் பெயரும் இருந்தது, மரமும் சரியாக இருந்தது. இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை.

கோலின் உருவத்துக்கே ஒரு விதி வேண்டும் என்று உணர்த்திய வேடிக்கையான வழக்கு ஒன்றும் உண்டு. 1938 நவம்பரில் லண்டன் தர்ஸ்டன் அரங்கில் அலெக் பிரவுனும் டாம் நியூமனும் ஆடினார்கள். வெள்ளைப் பந்து சிவப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள, நீண்ட கோலை அங்கே நுழைக்க வழியில்லை. பிரவுன் தன் பையிலிருந்து ஐந்தங்குலக் கருங்காலித் துண்டு ஒன்றை எடுத்தார். முனையில் டிப் இருந்தது. அதற்குச் சாக் போட்டு அடித்தும்விட்டார். நியூமன் ஆட்சேபிக்க, நடுவர் அதைத் தவறான அடி என்று தீர்ப்பளித்தார். அதன்பிறகுதான் கியூ மூன்றடிக்குக் குறையக்கூடாது, வழக்கமான கூம்பு வடிவிலிருந்து மாறக்கூடாது என்ற விதி வந்தது. மூன்றடி, அதாவது 914 மில்லிமீட்டர், இன்றும் சட்டம். பிள்ளைகளுக்குக் கியூ வாங்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்கலாம். வளர்ந்தவர்கள் 57, 58 அங்குலக் கோலில் ஆடுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 48 அங்குலக் கோல் போதும், விதிக்கும் உட்பட்டது.

மலிவுக் கியூ வெள்ளமாக வந்தது தொலைக்காட்சியால். 1969இல் பிபிசியின் ‘பாட் பிளாக்’ நிகழ்ச்சி ஸ்நூக்கரை வண்ணத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1985 உலக இறுதிப்போட்டியில் டென்னிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை வென்றதை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்த்தவர்கள் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பேர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையனுக்குச் சொந்தக் கியூ வேண்டியிருந்தது. அதைப் பேருந்தில் எடுத்துப்போகவும் வேண்டியிருந்தது. ஒரே துண்டாக ஐந்தடிக்கு நெருங்கி நீளும் கோலைச் சுமந்துபோவது கடினம். இரண்டாகத் திருகிக் கழற்றும் கியூ பரவியது அப்போதுதான்.

அதற்கு முன் மூத்த ஆட்டக்காரர்கள் இரண்டு துண்டுக் கியூவை மதித்ததில்லை. நடுவில் உலோகம் இருந்தால் அடியின் உணர்வு கெடும் என்றார்கள். ஜான் ஸ்பென்சரின் பழைய கோல் 1974இல் கார் விபத்தில் நொறுங்கியது. துண்டுகளை ஒட்டி ஆடிப்பார்த்தார். கடைசியில் புதிய இரண்டு துண்டுக் கியூவுக்கு மாறி, 1977இல் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் நடந்த முதல் உலகப் போட்டியை அதைக்கொண்டே வென்றார். உலகப் பட்டம் வென்ற முதல் இரண்டு துண்டுக் கியூ அதுதான். ஆட்சேபம் மெல்ல ஓய்ந்தது.

ஆனால் ஆட்சேபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலிவுக் கியூவில் கெடக்கூடிய முதல் இடம் இந்தத் திருகு. இரண்டையும் இறுக்கித் திருகிய பின் மரம் சந்திக்கும் வளையத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது. பிடியை ஒரு கையில் தொங்கவிட்டு மறுகையின் முட்டியால் தண்டைத் தட்டினால் ஒரே மொத்த ஒலி கேட்கவேண்டும். கடகட என்றோ கிண் என்றோ கேட்டால் உள்ளே திருகோ, எடைக்காகப் பிடிக்குள் வைத்த உலோகமோ தளர்ந்திருக்கிறது. திருகு கோலின் நடுவில் இருப்பதைவிடப் பிடிக்கு அருகே, முக்கால் பங்குத் தண்டு ஒரே மரமாக இருக்கும்படி அமைந்தால் நல்லது. இதற்கு ஒரு சங்கடமும் உண்டு: முக்கால் தண்டுக்குரிய பெட்டி நீளமாக இருக்கும், பேருந்துப் பயணத்தில் இடிக்கும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரர்கள் மேசைமேல் உருட்டிக் காட்டுவார்கள். உருட்டுவது பாதிச் சோதனைதான். கையால் இழைத்த தண்டு அச்சு வட்டமாக இருக்காது. உருளும்போது சற்றுத் துள்ளும், ஆனாலும் நேராக இருக்கலாம். மாறாக, இயந்திரத்தில் வட்டமாகக் கடைந்த கோல் சீராக உருண்டு ஏமாற்றாவிட்டாலும், எந்த இடத்தில் கோணல் என்று சொல்லாது. பிடியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பதைப்போல் முனைவரை பார்த்து, மெதுவாகச் சுற்றவேண்டும். இரண்டு துண்டுகளையும் தனித்தனியே பார்த்துவிட்டுச் சேர்த்துப் பார்க்கவேண்டும். தனியே நேராக இருந்து சேர்த்தபின் கோணினால் குற்றம் திருகில். பிடிப்பகுதியில் மெல்லிய வளைவு இருந்தால் பொறுக்கலாம், முனையருகே இருந்தால் வேண்டாம்.

எடையைப் பற்றிக் கடைகளில் அதிகம் பேசுவார்கள். 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது 480 முதல் 540 கிராம் வரை பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு ஒத்துவரும். எடையைவிடச் சமநிலை முக்கியம். பிடியின் அடியிலிருந்து ஒன்றரை அடி அளவில் ஒரு விரலின் மேல் வைத்தால் கோல் நிற்கவேண்டும். வெகுவாகப் பின்னால் போய் நின்றால், மரத்தின் கனத்துக்குப் பதில் உலோகத் துண்டை அடியில் திணித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கனத்த வார்னிஷ் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராத விஷயம். வியர்த்த விரல்களில் ஒட்டும், அடி தயங்கும். மிக நுண்ணிய உப்புத்தாளால் தண்டின் மேற்பூச்சை மட்டும் மெல்லத் தேய்த்து எடுத்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் மரம் வழவழப்பாகும். பழைய கோல்களுக்குச் செய்துவந்த பராமரிப்பும் இதுதான். ஆனால் முனை மெலியும் அளவு தேய்த்துவிடக்கூடாது. இழந்த விறைப்பு திரும்ப வராது. குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரை ஈரத்துக்கும், வெயிலில் நிற்கும் காருக்கும் மாறிமாறிப் போகும் கியூ எவ்வளவு நல்ல மரமானாலும் வளையும். சுவரில் சாய்த்து வைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

லண்டனில் ஜான் பாரிஸ் போன்ற கைவினைஞர்கள் ஆட்டக்காரரின் கையைப் பார்த்து, மரத்தைத் தேர்ந்து கியூ செய்கிறார்கள். தாய்லாந்திலும் சீனாவிலும் கைவேலைப் பட்டறைகள் பெருகியிருக்கின்றன. அந்த உழைப்புக்கு அந்த விலை தகும். முதல் கியூ வாங்கும் இளைஞருக்கு அது தேவையில்லை. ஆஷ் தண்டு, முனைவரை நேராக ஓடும் ரேகை, இயந்திரச் சேர்க்கையே ஆனாலும் உண்மையான சேர்க்கை, வெளிச்சம் புகாத திருகு, பித்தளை ஃபெரூல் உள்ள கோல் குறைந்த விலையிலும் கிடைக்கிறது. படத்தைப் பார்த்து வீட்டுக்கு வரவழைக்காமல் கடைக்கு நேரில் போங்கள். உங்கள் ஊர் ஸ்நூக்கர் பார்லரில் வருடக்கணக்காக ஆடுகிறவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் கடையில் இருக்கும் எல்லாக் கியூக்களையும் எடுத்துக்காட்டச் சொல்லி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். மிச்சமான காசில் நல்ல டிப் இரண்டு வாங்கிவையுங்கள்.